யானைப் பசிக்குச் சோளப்பொரி?

பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டல். அங்கே ஓர் இறுதியாண்டு மாணவன். மறுநாள் காலை பத்து மணிக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். இரவு எட்டு மணிக்குத்தான் தெரிந்தது, லேப்டாப் சார்ஜர் அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே கிடக்கிறது! பேட்டரியில் மிச்சம் 9 சதவீதம். கிடைத்ததோ பக்கத்து ரூம்காரனின் 20 வாட்ஸ் போன் சார்ஜர். லேப்டாப்போடு வந்தது 65 வாட்ஸ்.

"ஏலே, போர்டு அடிச்சிரும்ல!" என்று பயமுறுத்தினார்கள் நண்பர்கள்.

அப்படியெல்லாம் ஆகாது. யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறும் லேப்டாப்பும், பவர் டெலிவரி வசதியுள்ள சார்ஜரும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். தன்னால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தர முடியும் என்று சார்ஜர் சொல்லும். ஒத்துவந்தால் லேப்டாப் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் சும்மா இருந்துவிடும். 15 அல்லது 20 வோல்ட் இல்லாமல் அசையாத மாடல்களும் உண்டு. உருண்டைப் பின் சார்ஜர் மட்டுமே உள்ள பழைய லேப்டாப்புக்கு இந்தப் பேச்சே கிடையாது.

நல்லவேளை, அவனுடையது ஏற்றுக்கொண்டது. சார்ஜர் மெதுவானது என்று திரையில் ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 7 சதவீதம்! சார்ஜரில் போட்டும் குறைகிறதே?

நெல்லைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதா என்ன? பாபநாசம் அணை 143 அடி. மலையிலிருந்து வரும் தண்ணீரைவிட ஆற்றில் திறந்துவிடுவது அதிகமானால் நீர்மட்டம் இறங்கும். பேட்டரியும் ஓர் அணைதான். வரத்து 20 வாட்ஸ், செலவு 25 வாட்ஸ் என்றால் வேறென்ன ஆகும்?

அவன் மதகை அடைத்தான். ஓடிக்கொண்டிருந்த வீடியோவை மூடினான், திரை வெளிச்சத்தைக் குறைத்தான். பிறகு லேப்டாப்பையே அணைத்துவிட்டு சாப்பிடப் போனான். 50 வாட்-மணி பேட்டரி என்றால், சூடாக வீணாவது போக, 20 வாட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் ஏறும். திரும்பி வந்தபோது 40ஐத் தொட்டிருந்தது. இரவு ஒரு மணிக்கு ரிப்போர்ட் முடிந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போன் சார்ஜரில் 67 வாட்ஸ் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பலவற்றில் அந்த வேகம் அந்தந்தக் கம்பெனி போனுக்கு மட்டும்தான். சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட், ஆம்பியரைப் படித்துப் பாருங்கள்.

மறுநாள் மதியம் அம்மா பஸ்ஸில் கொடுத்துவிட்ட சார்ஜர் வந்து சேர்ந்தது. ரிப்போர்ட் அதற்கு முன்பே போய்விட்டது!