தளேகாவ்: சேனாபதிகளின் ஊர்

புணே–லோனாவளா மின்ரயில் நிற்கும் தளேகாவின் முழுப்பெயர் தளேகாவ் தாபாடே. பெயரில் ஒட்டியிருக்கும் தாபாடேக்கள், மராட்டியப் படைக்குத் தலைமை தாங்கிய குடும்பத்தார். கண்டேராவ் தாபாடேயை 1717இல் சாஹு மன்னர் சேனாபதி ஆக்கினார். குஜராத் எல்லை அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது.

ஊரிலிருந்து சாகண் போகும் சாலையில், இந்திராயணி ஆற்றங்கரையில், இந்தூரி கோட்டை இருக்கிறது. 1720ஐ ஒட்டி கண்டேராவ் கட்டியது. மலைக்கோட்டைகளுக்குப் பேர்போன இந்த மாவள் பகுதியில் இது சமதளத்தில் எழுந்த கோட்டை. கோபுரம்போல் உயர்ந்த வாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே கடஜாயி அம்மன் கோயில்.

கண்டேராவின் மகன் திரிம்பக்ராவ், குஜராத் வருவாய்க்காக மராட்டிய அரசின் பிரதம அமைச்சரான பேஷ்வா பாஜிராவுடன் மோதி, 1731 ஏப்ரலில் தபோய் போர்க்களத்தில் உயிரிழந்தார். அதன்பின் குடும்பத்தைத் தாங்கியவர் தாய் உமாபாய். இவ்வூரின் வரலாற்றில் என் மனம் அதிகம் நிற்பது அவரிடம்தான். கணவரையும் மகனையும் இழந்த நிலையில், பேஷ்வாக்களிடம் தம் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1751இல் அவருக்குத் துணையாக வந்த தளபதி தாமாஜி கெய்க்வாட் பேஷ்வாவிடம் பிடிபட்டார், தாபாடேக்களும் சிறைப்பட்டார்கள். 1753இல் உமாபாய் மறைந்தார். தாபாடேக்களின் கீழ் வளர்ந்த கெய்க்வாட்கள் பரோடாவை ஆண்டார்கள். பிற்காலத்தில் அந்த அரண்மனைக்குத் தஞ்சை மராட்டிய இளவரசி மருமகளாகப் போனபோது, நம் சதிர்க் கலைஞர்களும் கூடவே போனார்கள்.

1779 ஜனவரியில் இந்த ஊர் இன்னொரு படையைச் சந்தித்தது. பேஷ்வா பதவிக்கு உரிமை கோரிய ரகுநாத்ராவைப் புணேயில் அமர்த்த, பம்பாயிலிருந்து சுமார் 4,000 பேருடன் கிழக்கிந்தியக் கம்பெனி புறப்பட்டது. சுமை இழுக்க ஆயிரக்கணக்கான மாடுகள். அதனால் நகர்வு ஆமை வேகம். ஜனவரி 9இல் தளேகாவை அடைந்தபோது ஊர் எரிந்து கிடந்தது. எதிரிக்கு ஒரு மணி தானியமும் கிடைக்கக் கூடாதென்று மராட்டியரே வைத்த தீ. பட்டினிக்கு அஞ்சிய கம்பெனிப் படை, கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு 11ஆம் தேதி இரவோடு இரவாகப் பின்வாங்கியது. பக்கத்து வட்காவில் மகாத்ஜி சிந்தியாவின் படை வளைத்துக்கொள்ள, 16ஆம் தேதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. வெற்றியைப் பேசுகிறவர்கள், வீட்டைத் தீக்குக் கொடுத்த தளேகாவ்க்காரர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அதே ஊரில்தான் 1908இல், மக்களிடம் பைசா பைசாவாகத் திரட்டிய சுதேசி நிதியில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. பைசா நிதி என்றே அதற்குப் பெயர். திலகரின் ஆதரவும் இருந்தது.

பக்கத்து லோஹ்கட் மலைக்கோட்டை ஏறப் போகிறவர்கள் இந்தூரிக்கும் அரை நாள் ஒதுக்கலாம். தளேகாவ் ரயில் நிலையத்திலிருந்து சாகண் சாலையில் சில கிலோமீட்டர்தான்.