சவுக்கு மரம்

டைஃபாய்டு வந்து மூணு வாரம் ஸ்கூலுக்கு வரல. திரும்பி வந்தா பிளஸ் டூ இங்கிலீஷ்ல ரெண்டாவது யூனிட்டே முடிஞ்சிருந்தது. ஆர்வெல்லின் டீ கட்டுரை சுலபம். தோரு தத் எழுதிய ‘அவர் காசுரினா ட்ரீ’ கவிதைதான் நகரவே இல்லை. கைடைப் பார்த்து உருப்போட்டேன். காசுரினா என்றால் என்னவென்று கேட்க வெட்கம். ஏதோ வெளிநாட்டு மரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மிஸ் என்னையே கேட்டார்கள். முழித்தேன்.

"சவுக்குடா! அண்ணனூர் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வழியில புதுக் கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருக்காங்களே, அந்தக் கம்புதான்."

வகுப்பே சிரித்தது. (சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்!)

அன்று இரவு கைடைத் தொடாமல் படித்தேன். தோரு தத் 1856-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அண்ணன் 1865-லும் அக்கா 1874-லும் இறந்துபோனார்கள். கூட விளையாடியவர்கள் இல்லை, மரம் மட்டும் நிற்கிறது. அதனால்தான் குரங்கு, குயில் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று கலங்குகிறார். கைடில் ‘பழைய நினைவு’ என்று ஒரே வரியில் முடித்திருந்த இடம் அது. 1877-ல் அவரும் போய்விட்டார், வயது 21. எங்க அக்காவுக்கும் இப்போ 21.

மறுநாள் டெஸ்ட்டில் சொந்தமாகவே எழுதினேன். ஐந்துக்கு மூணு மார்க், ஏழு இடத்தில் சிவப்பு வட்டம்.

அடுத்து ‘தி சேர்’ பாக்கி. கி.ரா.வின் ‘நாற்காலி’தானாம் அது. லைப்ரரியில் தமிழ்ப் புத்தகம் யார் எடுத்திருந்தாலும் சீக்கிரம் கொடுத்துடுங்க, ப்ளீஸ்.