கார நெடிக்கு ஒரு கொசுவலை

பென்னாகரம் பக்கம் ஒரு அம்மா, மாமியார் கொடுத்த நாட்டு மிளகாயை விடாமல் காத்து வருகிறார். தாளித்தால் தெருவே தும்மும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; இதற்குப் பெயர்கூட இல்லை, 'நம்ம மிளகா'தான்.

பக்கத்து வயலில் பஜ்ஜி மிளகாய் வந்தது. அந்த வருடக் காயில் காரம் குறையவில்லை. கலப்பு விதைக்குள் அல்லவா நடக்கிறது! மறு விதைப்பில்தான் காரம் மங்கிய செடிகள் தலைகாட்டின. ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி வேண்டும். அரை ஏக்கர்க்காரர் எங்கே போவார்?

பழைய விதை ஒரு கைப்பிடி பானையில் மிச்சம். அதில் வந்த நல்ல நான்கு செடிகளுக்குப் பூ விரியும் முன்பே கொசுவலை கட்டினார். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். பழுத்ததை நிழலில் உலர்த்தி, விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தார். பாதி, அரூரில் தங்கை வீட்டில் இருக்கிறது.