வாக்யாவும் வெங்காய சாம்பாரும்

நாய்க்குக் காய்கறி போடுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நம் மன்றத்து நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். விடுதி வாயிலில் மாலைதோறும் வாலைக் குழைத்து நிற்கும் நாய்களுக்கு, மீந்துபோன சாம்பார்ச் சோற்றைத் தட்டோடு வழித்துப் போட்டுவிட்டு, ஓர் உயிரின் பசியைத் தீர்த்தோம் என்ற மனநிறைவோடு உறங்கச் செல்லும் அன்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன்தான். ஆகையால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் குடியிருப்பது நிக்டியில். பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையில் பக்தி–சக்தி என்றொரு நாற்சந்தி இருக்கிறது. துக்காராம் மகராஜும் சத்திரபதி சிவாஜியும் சந்திப்பதாக அமைந்த சிலையால் அதற்கு அந்தப் பெயர். அங்கிருந்து சற்று நடந்தால் பிராதிகரண் பகுதி. அங்கே ஓர் ஆஜியின் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. கழுத்தில் துளசி மாலை அணிந்த வார்க்கரி அவர். ஆண்டுதோறும் துக்காராமின் பல்லக்குடன் பண்டரிபுரத்துக்கு நடந்தே போய்வருவார். வீட்டில் அவரையும் என்னையும் தவிர இருந்த மூன்றாவது ஆள் வாக்யா.

வாக்யா எந்த உயர்ந்த சாதியையும் சேர்ந்த நாயன்று. தெருவில் பிறந்து, மழைக்கு ஒதுங்கி, ஆஜியின் திண்ணையிலேயே தங்கிவிட்ட செந்நிற நாட்டு நாய். பெயர் மட்டும் பெரிய இடத்துப் பெயர். ராய்கட் கோட்டையில் சிவாஜியின் சமாதிக்கு அருகே ஒரு நாயின் சிலை உண்டு. மன்னரின் சிதையில் பாய்ந்து உயிர்விட்ட வாக்யா அது என்று கதை. அதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். எங்கள் வாக்யாவுக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. சிதையிலன்று, சோற்றுத் தட்டில் பாய்வதே அதன் வீரம்.

ஆஜி புலால் சமைப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் அவர் அடுக்களைப் படியேறுவதில்லை. நாய்க்கும் அதே சமையல்தான். கம்பு பாக்ரியைப் பாலில் ஊறவைத்து, அதனுடன் வேகவைத்த காரட்டோ சுரைக்காயோ பரங்கிக்காயோ மசித்துப் போடுவார். உப்பில்லை, காரமில்லை, தாளிப்பில்லை. சுரைக்காயை நறுக்குமுன் ஒரு துண்டைத் தாமே கடித்துப் பார்ப்பார். கசந்தால் முழுக்காயும் குப்பைக்குப் போகும். (பக்கத்து வீட்டில் வாக்யாவுக்கு நாள்தோறும் ஒரு முட்டை கிடைத்துவந்தது. அது ஆஜிக்குத் தெரியும். தெரியாதவர்போல் இருப்பார். அந்த முட்டை இல்லாவிட்டால் புரதத்துக்கு அந்த நாய் என்ன செய்திருக்கும் என்று பின்னாளில் மிருக வைத்தியர் என்னைக் கேட்டார்.)

இறைச்சி தின்னப் பிறந்த பிராணிக்கு இது என்ன தண்டனை என்று முதலில் எனக்குத் தோன்றியது. அது என் அறியாமை. ஓநாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்கும் ஒரு மரபணு 2 படிகள்தாம் உண்டு. நாய்க்கோ 4 முதல் 30 வரை உண்டு என்று 2013-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். மனிதன் உழுது பயிரிட்ட காலத்தில் அவன் எச்சிலைத் தின்று உடன் வளர்ந்த உயிர் அல்லவா? காரட்டிலுள்ள மஞ்சள் சத்தை நாயின் உடல் ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அது இயலாது. ஆஜியின் நாயாகப் பிறக்காமல் பூனையாகப் பிறந்திருந்தால் வாக்யாவின் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

சென்ற ஆண்டு ஆனி மாதம் தேஹுவிலிருந்து பல்லக்குப் புறப்பட்டது. அடுத்த நாள் அது நிக்டி வழியாக ஆகுர்டிக்குச் செல்லும்போது ஆஜியும் அதனுடன் கலந்துகொண்டார். தலையில் சிறு மூட்டை, காலில் ரப்பர் செருப்பு. புறப்படும்போது வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, வாக்யாவின் உணவை விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கடைசியாக, "காந்தா நக்கோ, லஸூண் நக்கோ, பாளா" என்றார். வெங்காயம் வேண்டாம், பூண்டு வேண்டாம், குழந்தாய். நான் தலையாட்டினேன். மாலை அணிந்த மூதாட்டி தம் விரதத்தை நாய்க்கும் சேர்த்துப் பிடிக்கிறார் என்று எண்ணி உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன்.

நான்கு நாள் அவர் சொன்னபடி நடந்தேன். ஐந்தாம் நாள் மழை கொட்டியது. ஊர்நினைவு வந்துவிட்டது. மாடியில் என் சொந்த அடுப்பில், அரைக்கிலோ சின்ன வெங்காயம் உரித்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து, ஊரில் அம்மா வைப்பதுபோல் வெங்காய சாம்பார் வைத்தேன். வாசனை படியிறங்கிப் போய் வாக்யாவை அழைத்துக்கொண்டு வந்தது. அது தன் காய்ந்த பாக்ரியை என் காலடியில் வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தது.

நாமதேவரைப் பற்றி ஆஜி எனக்கு ஒரு கதை சொல்லியிருந்தார். அவர் தட்டிலிருந்த ரொட்டியை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியதாம். வெறும் ரொட்டியைத் தின்னாதே, நெய் தடவித் தருகிறேன் என்று கிண்ணத்தை ஏந்தி அவர் பின்னாலேயே ஓடினாராம். அந்த மழை மாலையில் நான் என்னையே நாமதேவராக எண்ணிக்கொண்டேன். நெய்க்குப் பதில் இரண்டு கரண்டி சாம்பார். வாக்யா தட்டை நக்கி நக்கிப் பளபளப்பாக்கிற்று. மறுநாளும் வந்தது. நான்கு மாலைகள் தொடர்ந்தன. நாளுக்குப் பத்துச் சின்ன வெங்காயமாவது அதன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

ஐந்தாம் நாள் காலை அது எழுந்து வரவில்லை. மாடிப்படியின் கீழே கிடந்தது. பாலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தள்ளாடி நடந்துபோய்ச் சிறுநீர் கழித்தபோது பார்த்தேன், கடுந்தேநீர் நிறம். உதட்டைத் தூக்கினேன். ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு போலிருந்தது.

ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். மழையில் மிருக வைத்தியரின் வாசலில் காத்திருந்த அரைமணி நேரத்தைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் முதலில் கேட்டது, "என்ன கொடுத்தீர்கள்?" என்பதுதான். "காய்கறி மட்டுந்தான்" என்றேன், பெருமையாகவே. "என்ன காய்கறி?" என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களின் ஓரத்தில் கொப்புளம் போன்ற சிறு புள்ளிகள். 1890-இல் அவற்றை விவரித்த ஜெர்மானியர் ஹைன்ஸ் என்பாரின் பெயரால் அவை ஹைன்ஸ் உடலங்கள் எனப்படுகின்றன. வெங்காயத்தின் காரத்திலும் மணத்திலும் உள்ள கந்தகப் பொருள்கள் நாயின் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடுகின்றன. கெட்ட அணுக்கள் உடைகின்றன. உடைந்தவை சிறுநீரில் நிறமாக வெளியேறுகின்றன. நம் இரத்தம் தாங்கிக்கொள்வதை நாயின் இரத்தம் தாங்குவதில்லை. இது புதிய செய்தியும் அன்று. வெங்காயம் தின்ற நாய்களுக்கு இரத்தசோகை வருவதை அமெரிக்காவில் செப்ரெல் என்பவர் 1930-லேயே எழுதியிருக்கிறார்.

வேகவைத்தால் நஞ்சு போய்விடாதா என்று கேட்டேன். போகாது. வதக்கினாலும் பொரித்தாலும் உலர்த்திப் பொடித்தாலும் போகாது. பொடி இன்னும் கடுமை. பூண்டும் அதே குடும்பம். நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், தீங்கு விளைய. சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் சேர்ந்துகொள்ளும். வாக்யாவின் எடை 15 கிலோ. நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு போடாமலிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதோடு முடியவில்லை. "புளியும் ஊற்றினீர்களா?" என்றார். திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். எதனால் என்பது நெடுங்காலம் விளங்காமலிருந்தது. டார்ட்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021-இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் சிலர் கூறினர். புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் அவ்வாறே பழுதானதை 2022-இல் எடுத்துக்காட்டினர். புளியில் அந்த அமிலம் மிகுதி. தமிழன் சாம்பாரில் வெங்காயம், புளி என்று நாய்க்குப் பகையான இரண்டும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கின்றன! நல்லவேளையாக வாக்யாவின் சிறுநீரகத்துக்கு ஊறு நேரவில்லை.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. நரம்பில் திரவம் ஏற்றி, ஓய்வு கொடுத்து, உடல் புது இரத்தம் ஊறவைக்கும்வரை காத்திருக்கவேண்டும். இன்னும் குறைந்தால் வேறொரு நாயின் இரத்தம் ஏற்றவேண்டிவரும் என்றார். மூன்று நாள் போய்வந்தோம். தேர்வுக்கு வைத்திருந்த பணம் அதில் கரைந்தது.

முதல் நாள் இரவு ஆஜி இந்தாபூரிலிருந்து பேசினார். பின்னணியில் தாளமும் மிருதங்கமும். "வாக்யா கஸா ஆஹே?" என்றார். "பரா ஆஹே" என்றேன். நலமாக இருக்கிறதாம்! அது என் காலடியில், மூச்சு வாங்கக் கிடந்தது. அன்றிரவு முழுவதும் நான் உறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் அக்லூஜிலிருந்து பேசியபோது, கேட்குமுன்பே எல்லாவற்றையும் என் உடைந்த மராத்தியில் கொட்டிவிட்டேன். மறுமுனையில் வெகுநேரம் தாளவொலி மட்டும் கேட்டது. பிறகு, "தண்ணீர் குடித்ததா?" என்றார். குடித்தது என்றேன். "அதற்குத் தாங்காது என்றுதானே சொன்னேன்?" என்றார். என் விரதத்துக்காக என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அது நானாகக் கற்பித்துக்கொண்டது.

அதன்பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காரட், பீன்ஸ், பரங்கி, வெள்ளரி, சர்க்கரைவள்ளி இவற்றை உப்பும் மிளகாயுமின்றி வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். நாய் மென்று தின்னும் பிராணியன்று, ஆதலால் பெருந்துண்டு தொண்டையில் சிக்கும். முட்டைக்கோசு கொஞ்சம் போதும். மிஞ்சினால் அறையில் நீங்கள் இருக்க இயலாது. பச்சை நிறம் பாய்ந்த உருளைக்கிழங்கு கூடாது. ஆஜிகள் கோயிலிலிருந்து கொண்டுவரும் ஷீராவில் உலர்திராட்சை இருக்கும், பொறுக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் நாம் சாலையோரம் சுட்ட சோளக்கதிர் தின்று கட்டையை நாய்க்கு எறிகிறோமே, அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைதான் வழி. காய்கறி நல்லதென்று அதையே முழு உணவாக்கிவிடவும் கூடாது. வழக்கமான உணவோடு, நாளில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்றார் வைத்தியர்.

ஆஷாட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னே வருவது காந்தே நவமி. சாதுர்மாத விரதம் தொடங்குமுன் மராத்தி வீடுகளில் வெங்காயத்தை ஆசைதீரத் தின்னும் நாள். பக்கத்து வீட்டம்மாள் சுடச்சுட ஒரு தட்டு வெங்காய பஜியைக் கொண்டுவந்து வாசலில் நீட்டினார். வாக்யா அதற்குள் சற்றுத் தேறியிருந்தது. எழுந்து வந்து என் முழங்காலில் மூக்கை உரசிற்று. நான் தட்டோடு மாடிக்கு ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தின்றேன். வெளியே அது கதவைப் பிராண்டிக்கொண்டேயிருந்தது. பஜி தொண்டையில் இறங்கவில்லை.

ஏகாதசி கழிந்து மூன்றாம் நாள் ஆஜி வந்தார். வெயிலில் கறுத்துப் பாதம் வெடித்திருந்தது. என்னை ஒன்றும் கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்து, வாக்யாவின் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கி ஈற்றைப் பார்த்தார். இளஞ்சிவப்பு. பிறகு உள்ளே போய்ச் சுரைக்காயும் கத்தியும் கொண்டுவந்தார். ஒரு துண்டு அரிந்து தாம் கடித்தார். இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார். நானும் கடித்துப் பார்த்தேன். கசக்கவில்லை என்றேன். கத்தியை என் கையில் கொடுத்து, சிறிதாக நறுக்கு என்றார்.