ஒழுக வேண்டிய கலம்

குடத்துக்கும் வாளிக்கும் ஒழுகாதிருப்பதே பெருமை. செடித்தொட்டியோ ஒழுகினால்தான் பயன்படும். பழைய பொருள்களைத் தொட்டியாக்க முனைவோர் முதலில் உணர வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் வாழும் ஒரு மூதாட்டி அதை உணர்ந்த விதம் எளிதானதன்று.

அவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். கணவர் சுரங்கத் தொழிலாளி. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்ற அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல அவர்களும் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்தனர். எண்ணெய் டின்னில் ரோஜா வளர்க்கும் பழக்கமும் உடன் வந்தது. தொட்டி வாங்கக் காசில்லாத காலத்தின் பழக்கம் அது; இன்று அதற்கு ‘அப்சைக்ளிங்’ என்று பெயர்.

அவருடைய மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் தக்காளியும், கைப்பிடி போன குக்கரில் புதினாவும், சிரட்டைகளில் நாற்றுகளும் வளர்கின்றன. தகரத்தை ஆணியும் சுத்தியலும் கொண்டு துளைப்பார். பிளாஸ்டிக்கைக் காய்ச்சிய கம்பியால் துளைப்பார். விரிசல் கண்ட பழைய சிங்க்குக்கு அந்த வேலையும் இல்லை. துளை அதில் முன்பே உண்டு.

ஒன்றில் மட்டும் அவர் துளையிடவில்லை. அது கணவர் அணிந்த சுரங்கத் தலைக்கவசம். அவர் மறைந்தபின் எஞ்சிய சில பொருள்களுள் ஒன்று. அதில் கம்பியைப் பாய்ச்ச மனம் வராமல், அடியில் சல்லிக்கற்களைப் பரப்பி, மேலே மண்ணிட்டுக் கற்பூரவல்லியை நட்டார். அண்டை வீட்டுக் கன்னடக்காரர்கள் அதைத் தொட்டபத்ரெ என்பார்கள்.

சல்லி துளைக்கு ஈடாகும் என்பது பரவலான நம்பிக்கை. மண்ணியல் அதை ஏற்பதில்லை. நுண்துகள்களுக்கிடையே உள்ள நீரை நுண்புழை விசை பிடித்து வைத்திருப்பதால், மண் ஏறக்குறைய முழுதும் நனைந்து நிறையும்வரை நீர் கீழுள்ள பருங்கற்களுக்கு இறங்காது. ஆகவே சல்லி அடுக்கு ஈரத்தை வடிப்பதற்கு மாறாக, அதை வேருக்கு இன்னும் அருகில் நிறுத்துகிறது. வெளியேற வழியும் இல்லையெனில் மண்ணின் காற்றிடங்களை நீர் நிரப்பிவிடும். வேர் உயிர்வளியின்றி அழுகும்.

2024-இன் மழையில் கற்பூரவல்லி அழுகியது. மூதாட்டி மண்ணைக் கொட்டிவிட்டுக் கவசத்தை மல்லாந்த நிலையில் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். அடுத்த மழை அதை நிரப்பியது. சில வாரங்களில் பேத்திக்கு டெங்கு கண்டு, மருத்துவமனையில் ஐந்து நாள் கிடந்தாள். வீடு வீடாகச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர் கவசத்தைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. அங்கே பிறந்த கொசுதான் கடித்தது என்று எவராலும் நிறுவ முடியாது. மூதாட்டி அதற்குமேல் சான்று கேட்கவில்லை.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டி, உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடமளிக்கும் நகர்ப்புற வீடுகளுக்கு 400 ரூபாய் அபராதம் விதித்தது. வீசியெறிந்த டயரும் டப்பாவும் மட்டுமல்ல, அன்போடு பாதுகாத்த பொருளும் அந்த விதிக்குள் வரும்.

மறுசுழற்சியில் ஒரு பொருள் உருகித் தன் வடிவத்தை இழக்கிறது. மறுபயன்பாட்டில் வடிவம் எஞ்சுகிறது. நாம் அப்பொருளை விரும்புவதே அதனால்தான். ஆனால் அவ்வடிவம் வேறொரு பணிக்காக அமைந்தது. தலைக்கவசம் தலையைக் காக்கச் செய்யப்பட்டது. வேரைக் காக்க வேண்டுமாயின் அதை ஓரிடத்திலேனும் சிதைத்தாக வேண்டும்.

பேத்தி வீடு திரும்பிய மறுநாள் மூதாட்டியே கம்பியைக் காய்ச்சினார். கவசத்தின் உச்சியில் மூன்று துளைகள். இப்போது அதில் மீண்டும் கற்பூரவல்லி வளர்கிறது. மழை ஓய்ந்ததும் அவர் மாடிக்குச் சென்று முதலில் கவசத்தின் அடியில் கை வைத்துப் பார்க்கிறார். நீர் சொட்டினால் மற்றத் தொட்டிகளுக்கு நகர்கிறார்.