கமானில் பிறந்த கத்தி

முன்பெல்லாம் இரும்பில் எதை வார்ப்பதானாலும் முதலில் அதை மரத்தில் செய்தாக வேண்டும். பம்பின் உடம்பு, கப்பி, கியர் பெட்டியின் மூடி என்று எதுவானாலும் சரி. காய்ந்த தேக்கில் அந்த வடிவத்தைச் செதுக்கி, ஈர மணலில் வைத்து இடித்து, மரத்தை உருவி எடுத்தால் உள்ளே பள்ளம் நிற்கும். உருகிய இரும்பு இறங்குவது அந்தப் பள்ளத்தில்தான். அந்த மர வடிவத்துக்கு ஃபவுண்டரிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பேட்டர்ன். வடசென்னையின் திருவொற்றியூர், எண்ணூர், மணலி வட்டாரத்தில் வார்ப்பாலைகள் பெருகிய காலத்தில் அவற்றை நம்பிப் பிழைத்த பேட்டர்ன் ஆசாரிகள் நிறையப் பேர். இன்று அந்த வேலையைக் கணினி பார்த்து அலுமினியத்தில் கடைந்து தந்துவிடுகிறது. வேலையை விட்டுவிட்ட பெரியவர்கள் சிலர் கருவிப் பெட்டியை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

திருவொற்றியூரில் அப்படி ஒருவர் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். உளிகளுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு கத்தி இருந்தது. சாண் நீளம்கூட இல்லை. ஆள்காட்டி விரலை மடக்கினாற்போல அலகின் நுனி வளைந்திருந்தது. கூர் உள்பக்கம்.

“இது எதுக்குங்க ஐயா?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பழைய கோர் பாக்ஸை எடுத்து மடியில் வைத்தார். குழாய் போல உள்ளே கூடான வார்ப்படம் வேண்டுமென்றால், அந்தக் கூட்டுக்கு மணலில் ஒரு உருளை செய்து அச்சுக்குள் வைக்க வேண்டும். அந்த உருளையைச் செய்யும் மரப்பெட்டிதான் கோர் பாக்ஸ். இரண்டு பாதி, ஒவ்வொன்றிலும் ஓர் அரைவட்டக் கால்வாய். முதலில் குழி உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி மரத்தை வாரி எடுப்பார்கள். உளி விட்டுப் போகும் வரிகளை வழித்தெடுக்க இந்த வளைகத்தி. அவர் அதைத் தம் பக்கமாக இழுத்தபோது, பல வருடம் காய்ந்த தேக்கிலிருந்து மெல்லிய சுருள் ஒன்று எழுந்து வந்தது. பிறகு மூலமட்டத்தை எடுத்துக் கால்வாய்க்குள் நிறுத்தினார். அதன் இரு கைகளும் கால்வாயின் இரு விளிம்பையும் தொட்டன. மூலை அடியைத் தொட்டது. அப்படியே சாய்த்துக்கொண்டே போனார். எங்கே சாய்த்தாலும் மூலை மரத்தை விட்டு விலகவில்லை. அரைவட்டத்துக்குள் வரையும் கோணம் செங்கோணம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது ஒரு மனிதருடைய சோற்றுக்கு வழியாக இருந்ததை அன்றுதான் கண்டேன்.

“எந்தக் கடையில வாங்கினீங்க?”

“இதெல்லாம் கடையில விக்கிற சாமானா தம்பி? காசிமேட்டுல அடிச்சுக் குடுத்தது.”

தேடல் தொடங்கியது அந்தப் பதிலில்தான்.

காசிமேட்டில் பேட்டர்ன் வேலைக்குக் கத்தி செய்ய என்ன காரணம் என்று முதலில் விளங்கவில்லை. அது மீன்பிடித் துறைமுகம். ராயபுரத்தை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கொல்லம்பட்டறையைக் கண்டுபிடித்த பிறகு விஷயம் தெளிந்தது. இன்று பட்டறையை நடத்துகிறவரின் குடும்பத்துக்கு முதல் வாடிக்கை படகுத் தச்சர்கள். கட்டுமரத்தின் கட்டைகளைச் செதுக்கும் வாய்ச்சி, பலகைப் படகின் விலா மரத்தில் உள்வளைவை வழிக்கும் வளைகத்தி, பஞ்சு அடைக்கும் உளி எல்லாம் இங்கிருந்து போயின. துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கப்பலுக்குக் கொண்டுபோனது மசூலாப் படகு. ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அப்படிப்பட்ட படகைக் கட்டியவர்கள் இருந்த கரையில் நேர்கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொழிற்சாலைகள் வந்தபோது பேட்டர்ன் ஆசாரிகள் அதே கத்தியைச் சின்னதாக அடித்துக் கேட்டார்கள். பட்டறை அடித்துக் கொடுத்தது.

வடிவம் படகிலிருந்து வந்தது, சரி. இரும்பு?

“கமான் பட்டை சார்,” என்றார் பட்டறைக்காரர். “லாரிக்கு அடியில அடுக்கு அடுக்கா இருக்கும் பாருங்க, அது. இங்க கன்டெய்னர் லாரிக்கு என்ன பஞ்சம்?”

பஞ்சமே இல்லை. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கமான் பட்டை நல்ல எஃகு. ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன், கூடவே சிலிக்கனோ குரோமியமோ. வளைந்து நிமிர்ந்து பாரம் தாங்குவதற்கென்றே செய்தது. ஆனால் உடைந்த கமானை அப்படியே நம்ப முடியாது. லட்சக்கணக்கான குலுக்கலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கும் துவைச்சலில்தான் அது வாய் திறக்கும். அதனால் நடுவில் போல்ட் ஓட்டை இருக்கும் பகுதியை அவர் தொடுவதில்லை. தள்ளி வெட்டுகிறார். வெட்டிய துண்டைச் சாணைக்கல்லில் ஒரு தடவை தொட்டுப் பொறியைப் பார்க்கிறார். சாதா இரும்பென்றால் பொறி நீளமாக ஓடி அணைந்துவிடும். கார்பன் உள்ளதென்றால் நுனியில் கிளை கிளையாக வெடிக்கும். பொறி வெடிக்கவில்லையென்றால் துண்டு மூலைக்குப் போய்விடும்.

எனக்கும் ஒரு கத்தி அடிக்கச் சொல்லி, வேலையை முழுவதும் கூட இருந்து பார்த்தேன். துருத்தி இப்போது இல்லை, மின்விசிறி ஊதுகிறது. கரி மட்டும் கட்டைக்கரிதான். துண்டு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் குறட்டால் எடுத்துப் பட்டடையில் வைத்து நீட்டுகிறார். நிறம் மங்கி இருளும் முன் சுத்தியலை நிறுத்திவிட வேண்டும். ஆறிய எஃகை அடித்தால் பிளக்கும். அலகு மெலிந்த பிறகு, பட்டடையின் கொம்பு மேல் வைத்து, ஓங்கி அடிக்காமல், தட்டித் தட்டி வளைக்கிறார். வளைத்ததைச் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க விடுகிறார். மெல்ல ஆறினால் அரத்துக்கு இணங்கும். மறுநாள் உள்கூரை அரைவட்ட அரத்தால் எடுக்கிறார். இந்த இடத்தில் அவசரப்பட்டால் போச்சு என்றார். வெளிவளைவில் துளி மேடு பள்ளம் இருந்தாலும் கத்தி மரத்தில் குதிக்கும்.

அப்புறம் துவைச்சல். அடுப்பின் ஓரத்தில் கயிற்றில் ஒரு காந்தம் தொங்குகிறது. சிவந்த அலகைக் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். ஒட்டினால் திரும்ப உலைக்கு. ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றி, எண்ணெயில் இறக்க வேண்டும். விசைப்படகு என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய். தண்ணீரில் இறக்கினால் இந்த எஃகு, அதுவும் இவ்வளவு மெல்லிய வளைவில், கண்ணாடி போல் விரியும். எண்ணெயிலிருந்து வந்த அலகு கடினமாக இருக்கும், ஆனால் தட்டினால் உடையும். அதை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கம் மட்டும் மெல்லச் சூடு காட்டுகிறார். வெளிர்மஞ்சள் எழுகிறது. மஞ்சள் கருத்துப் பழுப்பாகக் கூர் வரைக்கும் நகர்ந்து வந்த நொடியில் எண்ணெயில் தொட்டுவிடுகிறார். இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் ஊதா, அதற்கடுத்து நீலம். நீலம் கமானுக்கு நல்லது, கத்திக்கு ஆகாது. வெயில் நேரத்தில் இந்த நிறம் தெரியாதென்று பாதி ஷட்டரை இறக்கிவைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்.

லாரியின் கதையும் இதே வட்டாரத்தில்தான். எண்ணூரில் 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்குப் பேர் எடுத்தது. 1959இல் எண்ணூர் ஃபவுண்டரிஸ் வந்தது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு. இவற்றைச் சுற்றிச் சிறிய வார்ப்பாலைகள், அவற்றுக்குப் பேட்டர்ன் ஆசாரிகள். லாரியின் வார்ப்புப் பாகம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தேக்கில் செதுக்கப்பட்டது; அந்தத் தேக்கை வழித்தது வளைகத்தி; அந்தக் கத்தி லாரியின் கமானில் அடித்தது. இதைச் சொன்னபோது பட்டறைக்காரர் வியக்கவில்லை. “வேற எங்க போகும் சார்?” என்றார். வடசென்னையில் தொழிற்சாலை வந்து கைத்தொழிலை விழுங்கிவிட்டது என்று நானும் எழுதியிருக்கிறேன், பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பட்டறைக்குத் தொழிற்சாலைதான் சுரங்கம்.

லாரிக்கு முன்னால்? அவர் தாத்தா காலத்தில் ரயில் கமான் என்றார். ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது 1856இல். ரயிலுக்கு வேண்டிய எஃகுச் சாமான்கள் அப்போது பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. அந்தக் காலத்தில் எஃகுக்குப் பேர்போன ஊர் ஷெஃபீல்டு. அங்கே போய்த் தேடினால் வழி மறுபடி நம் கரைக்கே திரும்புகிறது. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். நம் ஊர்க் கொல்லர்கள் மண் மூசையில் இரும்பையும் மரத்துண்டையும் அடைத்து உருக்கு எடுத்த முறையை ஆராய்ந்தவர். 1839இல் எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு அதைப் பயன்படுத்தி எஃகின் விலையைக் குறைத்தது. அந்த உரிமைக்காக ஹீத் வழக்காடியே மாண்டுபோனார். நொய்யல் கரையில் கொடுமணல், பழைய தென்னாற்காட்டில் மேல்சிறுவளூர் என்று மூசை எஃகு செய்த ஊர்களின் தடயங்களை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தை 5,300 ஆண்டுக்குப் பின்னால் தள்ளிய ஆய்வறிக்கையைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அவ்வளவு பின்னால் போக எனக்கு ஆசைதான். ஆனால் என் கத்தியின் எஃகு அங்கிருந்து வந்ததென்று சொல்ல ஒரு சான்றும் கிடையாது, வலிந்து கோர்க்க மனம் வரவில்லை.

கொல்லன் வேலைக்கு மட்டும் இங்கேயே பழைய தடம் ஒன்று உண்டு. திருவொற்றியூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ராசேந்திரன் காலத்தில் விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தவன் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று பெயரோடு சொல்கிறது. கருங்கல்லில் உளி நின்று உழைக்காது. நாள்தோறும் உலைக்குப் போய் முனை அடித்துத் துவைச்சல் வாங்கி வர வேண்டும். தச்சன் பெயர் கல்லில் நிற்கிறது. அவனுக்கு உளி தீட்டிக் கொடுத்த கொல்லனும் அதே ஊரில்தான் இருந்திருப்பான்.

வடிவத்தின் கதையும் இந்தக் கரையோடு முடிவதில்லை. வட அமெரிக்கக் காடுகளில் பிர்ச் மரப்பட்டையில் படகு கட்டும் பழங்குடிகள் கையில் இதே வளைகத்தி. தேய்ந்த அரத்தை அடித்து, நுனியை வளைத்து, தம் பக்கமாக இழுத்துச் செதுக்குவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு இடத்திலும் படகு, இரண்டு இடத்திலும் கழித்துப்போட்ட எஃகு.

பட்டறையில் ஒரு நோட்டுப் புத்தகம் ஆணியில் தொங்குகிறது. கத்தி, அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியை எழுதி வைக்க வேண்டும் என்று 2021இல் காவல்துறை சொன்னது. நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த விதியில் எனக்குக் குறையில்லை. ஆனால் வடசென்னை என்றதும் சினிமாவுக்கு ஞாபகம் வருவது ரவுடியின் கத்தி ஒன்றுதான் என்பதில் எனக்கு மனம் ஆறவில்லை. படகு கட்டிய கத்தியும், என்ஜினுக்கு அச்சு செதுக்கிய கத்தியும் இதே சந்தில்தான் பிறந்தன.

நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் அட்டைகளும் தகரங்களும் கோர்த்திருந்தன. கத்தி கேட்டு வருகிறவர்கள் வளைவை வாயால் சொல்வதில்லை. அட்டையில் வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேலை முடிந்தும் அட்டையை அவர் வீட்டார் எறிந்ததில்லை. கத்தி எங்கே பிறந்தது என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த எனக்குப் பதில் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. திருவொற்றியூர்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக விரலில் எடுத்துப் பார்த்தார்.

“இது கடல்தண்ணி பம்பு. இது கப்பி. இது, ரெண்டு இஞ்ச் குழாய் கோர் பாக்ஸ், ஆனா கத்தி இதைவிட ஒரு மயிரிழை இறுக்கமா இருக்கணும், இல்லன்னா அடியில முட்டும்.”

கடைசியில் துருவேறிய ஒரு தகரம். அரைவட்டமாக உள்ளே வெட்டியது. தாத்தா காலத்தது, படகு விலாவுக்கு வெட்டியது என்று பட்டறைக்காரர் சொன்னார். பெரியவர் தம் மூலமட்டத்தை அதன் வாயில் வைத்து இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

“முழு அரைவட்டம். படகு விலாவுக்கு இவ்வளவு ஆழம் எதுக்கு? இது கோர் பாக்ஸ்தான்.”

“எண்ணூர்ல கம்பெனியே வரலியே அப்போ?”

“ரயில்வேக்காரன் வந்திருப்பான்.”

பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தகரத்தை வாங்கி, அதே அளவில் ஒரு கத்தி அடித்து ஒரு விலா மரத்தில் இழுத்துப் பார்த்துவிடுவோம் என்று கரியைக் கிளற ஆரம்பித்தார்.