குவிமாட வீடும் வரக்காப்பொல மழையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பஸ்யாலவின் மரமுந்திரிகைக் கடைகளையும் வேவல்தெனியவின் பிரம்புக் கடைகளையும் கடந்தோமாயின், தென்னந்தோப்புகள் மெல்ல விடைபெற, இறப்பர் மரங்கள் இருமருங்கும் நெருங்கி வரக் காணலாம். அங்கே, மலைநாட்டின் வாயிற்படி போல அமைந்திருக்கும் சிறு நகரமே வரக்காப்பொல. எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டிய ‘தலகுளி’ என்னும் தின்பண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பிரயாணிகளுட் பெரும்பாலோர் தேநீர் அருந்தி, தலகுளிப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு அப்பாற் சென்றுவிடுவர். அடியேன் சென்ற விடுமுறையில் இரண்டு நாள் அங்கே தங்க நேர்ந்தது. காரணம், ஒரு வீட்டுக் கணக்கு.

முன்னாளில் என்னிடம் கணிதம் பயின்ற ஒருவர், வரக்காப்பொலவுக்கு அப்பால் ஒரு சரிவில் இருபது பேர்ச்சஸ் நிலம் வாங்கியிருக்கிறார். அவருடைய பாட்டனாரும் பாட்டியாரும் கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் இறப்பர்ப் பால் வெட்டியவர்கள்; பெற்றோர் லயன் அறையிலேயே முதுமையெய்தியவர்கள். மூன்று தலைமுறைகளுக்குப் பின் அக்குடும்பம் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ளும் முதல் நிலம் இது. அதில் அவர் கட்ட விரும்புவதோ சாதாரண வீடன்று. முக்கோணங்களால் ஆன ஜியோடெசிக் குவிமாட வீடு! “சேர், நீங்கள்தான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பணம் ஒருமுறைதான் சேரும்” என்றார் அவர்.

குவிமாடம் என்றவுடன் நகைத்து ஒதுக்குவதற்கில்லை. ஜெர்மனியின் ஜேனா நகரில் வால்ரர் பவர்ஸ்பெல்ட் என்பவர் 1920களிலேயே கோளரங்கத்துக்காக இத்தகைய கூட்டை அமைத்தார். அமெரிக்கரான பக்மின்ஸ்ரர் புல்லர் 1954ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்று உலகெங்கும் பரப்பினார். 1960ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்துக் கார்பண்டேல் நகரில் தமக்கென ஒரு குவிமாட வீட்டை எழுப்பி, மனைவியாருடன் அதில் வாழ்ந்தார். 1967ஆம் ஆண்டு மொன்றியல் உலகக் கண்காட்சியில் அவர் அமைத்த மாபெரும் கோளத்தின் குறுக்களவு 76 மீற்றர்.

இதன் வலிமையின் இரகசியத்தை அறிய அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. பிரம்புக் கூடையே போதும். நான்கு கம்புகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று கம்புகளை முக்கோணமாகக் கட்டினால், கம்பு ஒடிந்தாலன்றி உருவம் மாறாது. மூன்று திசைகளிற் பிரம்பை ஓடவிட்டுப் பின்னிய கூடை, எடை குறைந்ததாயினும் சுமையைத் தாங்குவது இதனாலேயே.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்திய உதவியுடன் தோட்டங்களிற் கட்டப்பட்ட தனிவீடுகளின் பரப்பு 550 சதுர அடி. அதே தரைப்பரப்புக் கொண்ட எளிய அரைக்கோளக் குவிமாடத்துக்கு 65 சட்டங்கள் வேண்டும். அவற்றுள் 30 ஏறக்குறைய ஏழரை அடி; 35 ஏறக்குறைய எட்டரை அடி. மூட்டுகள் 26, முக்கோணங்கள் 40. சட்டங்களை நீளவாக்கில் அடுக்கினால் ஏறத்தாழ 520 அடி. மேற்பரப்பு 1,090 சதுர அடி. இனி 22 அடிக்கு 25 அடியாக, ஒன்பதடிச் சுவருடன் ஒரு சாதாரண வீட்டை எண்ணிப் பாருங்கள். சுவர் 846 சதுர அடி. இரண்டடித் தாழ்வாரத்தோடு கூரை ஏறக்குறைய 800. கூட்டினால் 1,650 சதுர அடியை நெருங்கும். குவிமாடத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்! மாணவரின் முகம் மலர்ந்தது.

ஆனால், கணக்கு அத்துடன் முடியவில்லை. சாதாரண வீட்டில் மழையை நேரே ஏற்பது 800 சதுர அடிக் கூரையே. தாழ்வாரம் சுவரைக் காக்கும். குவிமாடத்தில் சுவர் என்பதே இல்லை. 1,090 சதுர அடியும் கூரைதான்! அந்த முக்கோணங்கள் ஒன்றோடொன்று கூடும் பொருத்துகளின் நீளம் மட்டும் 435 அடி. ஓடு ஒன்றின் மேலொன்று படிந்து நீரைக் கீழே தள்ளுவது போல இவை தாமாகத் தள்ளா. ஒவ்வோர் அடியையும் பசையாலோ தகட்டாலோ மூட வேண்டும். வெயிலில் விரிந்து மழையிற் சுருங்கும் பொருத்தில் அந்த மூடி எத்தனை ஆண்டு நிற்கும்?

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் லொயிட் கான் என்பவர் குவிமாடங்களைத் தம் கையாலேயே கட்டி, 1970, 1971ஆம் ஆண்டுகளில் அவற்றைக் கட்டும் முறையை விளக்கி இரண்டு நூல்களை வெளியிட்டார். பின்னர், ஒழுக்கும் வீண்சேதமும் அறைகளைப் பிரிப்பதிலுள்ள இடரும் கண்டு, அவ்வழியைத் தாமே கைவிட்டார். சேதம் நேர்வது எவ்வாறெனில், கடையில் விற்கும் பலகைத் தகடு எட்டடிக்கு நான்கடி. நமக்கு வேண்டிய முக்கோணத்தின் பக்கமோ எட்டரை அடி. வெட்டி ஒட்டினால் பொருத்து மேலும் பெருகும். விளிம்போரத்தில் கூரை தாழ்ந்து வருவதால், ஆறடி உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்க முடியாத இடமாக 100 சதுர அடிக்கு மேல் கழிந்துவிடும்.

வரக்காப்பொலவோ ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஈரவலயம் என்பதன் பொருளே ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பகுதி என்பதாகும். 550 சதுர அடியின் மேல் அம்மழை பெய்தால், ஓராண்டில் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் லீற்றருக்குக் குறையாத நீர் அந்தக் கூட்டின்மேல் வழிந்தோடும். பீலியில்லாத குவிமாடத்தில் அத்தனையும் அத்திவாரத்தின் ஓரத்திலேயே விழும்.

மறுநாள் மாலை இருவருமாக நெலுந்தெனியச் சந்தியிலிருந்து பிரியும் வீதியால் தெதிகமவுக்குச் சென்றோம். முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பிறந்ததாகக் கருதப்படும் இடத்தில் 12ஆம் நூற்றாண்டிலே எழுந்த சூதிகர சைத்தியம் அங்கே குன்றெனக் கிடக்கிறது. அதுவும் ஒரு குவிமாட வடிவமே. எனினும் அது உள்ளீடற்ற கூடன்று. திண்மையான செங்கற் குவியல். அதனுள் நனைவதற்குப் பாயும் இல்லை, குழந்தையும் இல்லை. 1951ஆம் ஆண்டில் அச்சைத்தியத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட யானை விளக்கு உலகப் புகழ்பெற்றது. அகலில் எண்ணெய் குறையக் குறைய, யானை தானே எண்ணெயை விட்டு நிரப்பும் அமைப்பு அது. ஒரு துளி எங்கே போகும், எப்போது நிற்கும் என்பதை அறிந்த கம்மியர் அக்காலத்தில் இம்மண்ணில் இருந்தனர். வீடு கட்டுவோருக்கும் அவ்வறிவே முதலில் வேண்டும்.

மழையிலும் பெரியது மலை. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி, இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொகுபிட்டிய, களுபான தோட்டத்து லயன் குடியிருப்பிலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. அங்கே இறந்தவர்கள் நம்மவரே. நிலம் நகர்ந்தால் சதுரமும் ஒன்றுதான், கோளமும் ஒன்றுதான். ஆதலின், மண்சரிவு அபாயமுள்ள இம்மாவட்டத்தில் கட்டட வரைபடத்துக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் பிரதேச சபையின் அனுமதியையும் பெறுதல் வேண்டும். சரிவைச் செங்குத்தாக வெட்டி மட்டப்படுத்துவது மலிவெனத் தோன்றும். மலை அந்தக் கடனை வட்டியுடன் அறவிடும்.

நாங்கள் தயாரித்த வரவுசெலவுத் திட்டத்தில் விலையை முதலில் எழுதவில்லை. விலை மாதந்தோறும் மாறும், அளவு மாறாது. முதலிற் சட்டம் எத்தனை அடி, மூட்டு எத்தனை, பொருத்து எத்தனை அடி என அளவை எழுதி, விலைக்கு இடம் விட்டோம். செலவின் வரிசை இதுதான்: நில அளவையும் அனுமதியும், மேல்வளத்தில் மழைநீர்க் கானும் தாங்குசுவரும், அத்திவாரம், கழிவறையும் அதன் குழியும், அதன் பின்னரே கூடும் மேல்மூடலும், உள்வேலை, ஈற்றில் மொத்தத்திற் பத்திலொரு பங்கு எதிர்பாராச் செலவுக்கு. வரிசைப்படி எழுதியதும் ஓர் உண்மை புலப்பட்டது. குவிமாடம் மிச்சப்படுத்துவது ஒரே ஓர் இனத்தில். ஏனைய இனங்கள் அனைத்தும் எவ்வடிவத்துக்கும் பொதுவானவை. அந்த ஓரினத்து மிச்சத்தையும் பொருத்துகள் ஆண்டுதோறும் திரும்பக் கேட்கும்.

மாணவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு அவரே தீர்ப்புக் கூறினார். அறிக்கை சாதகமாக வந்தால், முதலில் தாழ்வாரம் நீண்ட சாதாரண வீடு. அதன் அருகே, நாகம் பூசிய இரும்புக் குழாயால் பன்னிரண்டடிக் குவிமாடம் ஒன்று, நாற்றுமேடைக்காக. மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும் அதன்மேற் பெய்து தீரட்டும். ஒழுகாவிடின், அடுத்தது பிள்ளைகளின் படிப்பறை. அவருடைய தாயார் இதைக் கேட்டு, “முதல்ல நனையாம தூங்க ஒரு இடம் வேணும் ஐயா, மிச்சத்தை மெதுவா பார்த்துக்கலாம்” என்றார். லயன் தகரத்தின் கீழ் ஆயுளெல்லாம் பாத்திரம் வைத்து ஒழுக்கைப் பிடித்தவரின் சொல் அது. அதற்கு மேலான பொறியியலை நான் எந்த நூலிலும் கற்றதில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தென்னோலை ஈர்க்கை எடுத்து, ஏழரைக்கு எட்டரை என்னும் விகிதத்தில் முப்பதும் முப்பத்தைந்துமாக நறுக்கி, இருபத்தாறு மூட்டில் ஒரு சிறு குவிமாடம் கட்டிப் பாருங்கள். கையால் அழுத்துங்கள், அதன் உறுதி உங்களை வியப்பிலாழ்த்தும். பின் காகிதத்தால் மூடி, ஒரு செம்பு நீரை ஊற்றுங்கள். அழகு எங்கே முடிந்து வீடு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த நீர் காட்டிவிடும்.